போனது பயிரா, மண்ணா? சரிந்த சாம்பியனைப் பார்க்கும் முறை

2025 ஜூன் 5, வியாழக்கிழமை மாலை. மேட்டூர் அணையைத் திறக்க இன்னும் ஒரு வாரம் இருந்தது. மன்னார்குடிக்கும் நீடாமங்கலத்துக்கும் இடையில் இருக்கிறது எங்கள் ஊர். வாய்க்கால்கள் தூர்வாரப்பட்டு வறண்டு கிடந்தன. பம்புசெட் வைத்திருப்பவர்கள் மட்டும் குறுவைக்கு நாற்று விட்டிருந்தார்கள். பள்ளியின் மண் தரையில் டென்னிஸ் ஆடும் என் தம்பி மகள் தொலைக்காட்சிக்கு முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். பாரிஸில் பிரெஞ்சு ஓபன் அரையிறுதி நடந்துகொண்டிருந்தது. மூன்று ஆண்டுகளாக அந்தக் கோப்பையை யாருக்கும் விட்டுக்கொடுக்காத போலந்து வீராங்கனை இகா ஸ்வியாடெக், கடைசி செட்டில் ஒரு கேம்கூட எடுக்க முடியாமல் முதல்நிலை வீராங்கனை சபலென்காவிடம் தோற்றார்.

"பெரியப்பா, இவர் அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான் அம்மா. பிறந்த வீடு மாதிரி இருந்த மண் தரையிலேயே தோற்றாயிற்று. அடுத்து வருவது புல்தரை. விம்பிள்டனில் இவர் காலிறுதியைத் தாண்டியதே கிடையாது. இந்த வருடம் எழுந்திருக்க மாட்டார்" என்று நாட்டாமை தோரணையில் தீர்ப்புச் சொன்னேன்.

ஐந்து வாரம் கழித்து, நட்ட பயிர் பச்சை பிடித்துக்கொண்டிருந்த ஜூலை 12 அன்று, அதே ஸ்வியாடெக் விம்பிள்டன் இறுதியில் அமண்டா அனிசிமோவாவை 6-0, 6-0 என்று 57 நிமிடத்தில் வென்றார். விம்பிள்டன் மகளிர் இறுதியில் எதிராளிக்கு ஒரு கேம்கூடக் கொடுக்காமல் ஒருவர் வெல்வது 1911-க்குப் பிறகு அதுதான் முதல் முறை. வீட்டில் இரண்டு நாள் நான் டென்னிஸைப் பற்றி வாயே திறக்கவில்லை.

என் தீர்ப்பு எங்கே பிசகியது என்று அந்த இரண்டு நாளில் யோசித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். ஆட்டத்தில் ஊறியவர்களுக்கு இதில் புதிதாக எதுவும் இருக்காது. மஞ்சள் பந்து, நடுவில் வலை, 'ஃபிஃப்டீன் லவ்' என்ற அளவுக்கு டென்னிஸ் தெரிந்தவர்களை மனத்தில் வைத்தே எழுதுகிறேன்.

சரிந்த சாம்பியன் மீண்டும் உச்சிக்கு வர முடியுமா என்ற கேள்விக்கு ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முயன்றது என் முதல் பிசகு. புயலுக்கு மறுநாள் வயலுக்குப் போகிறவர் "இனி விளையுமா?" என்று கேட்டுக்கொண்டு நிற்பதில்லை. போனது பயிரா, மண்ணா என்று குனிந்து பார்க்கிறார். பயிர் சாய்ந்திருந்தால் அந்தப் போகம் போயிற்று, அடுத்த போகத்துக்கு விதை தேடலாம். 2004 சுனாமியில் நாகப்பட்டினம் கடலோர வயல்களுக்குள் உப்புநீர் ஏறியபோது போனது மண். மழைநீரைத் தேக்கித் தேக்கி வடித்தும், தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுதும் அந்த மண்ணைத் தேற்ற வேண்டியிருந்தது. வரப்பில் நின்று பார்க்கிறவனுக்கு இரண்டு வயலும் ஒன்றுபோலக் காய்ந்துதான் தெரியும். தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்திருந்த நான் அப்படி வரப்பில் நின்றவன்.

பதிவேடு

சரிவு என்று செய்தித்தாள் எழுதுவது பெரும்பாலும் தரவரிசைச் சரிவைத்தான். அதனால் முதலில் அந்தப் பதிவேட்டைப் படிக்கத் தெரிய வேண்டும். டென்னிஸில் ஆட்டத்துக்குள் எடுப்பதையும் புள்ளி என்கிறார்கள், தரவரிசைக்குச் சேர்வதையும் புள்ளி என்கிறார்கள். குழப்பம் வேண்டாம். ஆட்டத்துக்குள் எடுப்பதை 'பாயிண்ட்' என்றும், பதிவேட்டில் ஏறுவதைப் 'புள்ளி' என்றும் எழுதுகிறேன்.

ஆண்களுக்கான கணினித் தரவரிசை 1973-இல் வந்தது. இன்றைய முறையில் ஆஸ்திரேலிய ஓபன், பிரெஞ்சு ஓபன், விம்பிள்டன், அமெரிக்க ஓபன் என்ற நான்கு கிராண்ட் ஸ்லாம்களில் ஒன்றை வென்றால் 2000 புள்ளி. முதல் சுற்றிலேயே தோற்றால் 10. இவை வாழ்நாள் முழுக்கச் சேர்ந்துகொண்டே போவதில்லை. 52 வாரம்தான் ஆயுள். சென்ற ஆண்டு பாரிஸில் வாங்கிய புள்ளி இந்த ஆண்டு பாரிஸ் முடிந்ததும் கழிந்துவிடும். இந்த ஆண்டு எடுத்தது அந்த இடத்தில் உட்காரும். போன குறுவையில் ஒரு மா நிலத்துக்கு எத்தனை மூட்டை கண்டாய் என்பதை இந்தக் குறுவை அறுப்பு வந்ததும் யாரும் கேட்பதில்லை அல்லவா, அப்படி.

இதனால் ஒரு வேடிக்கை நடக்கிறது. 2024-இல் பிரெஞ்சு ஓபனை வென்ற ஸ்வியாடெக்கின் கணக்கில் 2000 புள்ளி இருந்தது. 2025-இல் அரையிறுதி வரை வந்ததற்கு 780. உலகின் மற்ற வீராங்கனைகளில் முக்கால்வாசிப் பேருக்கு அந்த அரையிறுதி வாழ்நாள் கனவு. இவருக்கு அது 1220 புள்ளி நஷ்டம். நான் தொலைக்காட்சியில் பார்த்த 'வீழ்ச்சி' இதுதான். விம்பிள்டனில் கணக்கு தலைகீழ். 2024-இல் அங்கே மூன்றாம் சுற்றிலேயே வெளியேறியிருந்ததால் கழிய வேண்டியது வெறும் 130. போன வருடம் காய்ந்த வயலில் இந்த வருடம் விளைவதெல்லாம் லாபம்.

ஆனால் பதிவேடு வெறும் எண்ணோடு நிற்பதில்லை, ஆட்டத்துக்குள்ளும் கை நீட்டுகிறது. கிராண்ட் ஸ்லாமில் 128 பேர் ஆடுகிறார்கள். தரவரிசைப்படி 32 பேருக்குத் தரநிலை கொடுத்து, அவர்கள் மூன்றாம் சுற்றுக்கு முன் ஒருவரோடொருவர் மோதாதபடி அட்டவணை போடுகிறார்கள். முப்பத்திரண்டுக்குள் இருந்தால் முதல் இரண்டு சுற்று ஓரளவு நிம்மதி. அதற்குக் கீழே நழுவியவர் முதல் நாளே முதல்நிலை வீரருக்கு எதிரில் நிற்க நேரலாம். நூறுக்கும் வெகு கீழே போய்விட்டால் தகுதிச் சுற்று ஆட வேண்டும், அல்லது போட்டி நடத்துகிறவர்கள் வைல்டு கார்டு என்ற சிறப்பு அனுமதி கொடுக்க வேண்டும். தோல்வி தரவரிசையைக் குறைக்கிறது, குறைந்த தரவரிசை கடினமான எதிராளியைக் கொண்டுவருகிறது, அவரிடம் மறுபடி தோல்வி. கடைமடைக்காரருக்குத் தண்ணீர் தாமதமாக வந்து, நடவு தாமதமாகி, கதிர் பால் பிடிக்கும் நேரத்தில் மழையில் மாட்டிக்கொள்வது போன்ற சுழல் இது. காயத்தால் ஆறு மாதம், அதற்கும் மேலாக ஆடாமல் இருந்தவர்கள் விண்ணப்பித்தால் பழைய தரவரிசையை வைத்துச் சில போட்டிகளில் நுழைய அனுமதி உண்டு. வெறுமனே தோற்றுக்கொண்டிருப்பவருக்கு அந்தச் சலுகை கிடையாது.

நூற்றுக்கு இரண்டு

இனி சொல்லப்போவதுதான் என் கண்ணைத் திறந்தது. சற்றுப் பொறுமையாகப் படியுங்கள்.

ரோஜர் ஃபெடரர் 2024 ஜூனில் டார்ட்மத் கல்லூரிப் பட்டமளிப்பு விழாவில் பேசும்போது ஒரு கணக்குச் சொன்னார். தான் ஆடிய 1526 ஒற்றையர் ஆட்டங்களில் ஏறக்குறைய 80 சதவீதம் வென்றதாகவும், ஆனால் பாயிண்டுகளில் வென்றது 54 சதவீதம் மட்டுமே என்றும் சொன்னார். அவ்வளவு பெரிய ஆட்டக்காரர் கிட்டத்தட்டப் பாதிப் பாயிண்டுகளைத் தோற்றிருக்கிறார்.

இது எப்படி? டென்னிஸில் நாலு பாயிண்ட் சேர்ந்தால் கேம், ஆறு கேம் சேர்ந்தால் செட், இரண்டு செட் எடுத்தால் ஆட்டம் (கிராண்ட் ஸ்லாமில் ஆண்களுக்கு மூன்று). ஒவ்வொரு படியிலும் சிறு அனுகூலம் கந்துவட்டி போலக் குட்டி போடுகிறது. ஒரு நோட்டை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு பாயிண்டையும் தனித்தனியாக, ஒரே வாய்ப்போடு எடுத்துக்கொள்ளும் தாள் கணக்குதான், நிஜ ஆட்டம் இவ்வளவு சீராக இருக்காது. நூறு பாயிண்டில் 55 எடுக்கிறவர் நூறு கேமில் 62 எடுக்கிறார், நூறு செட்டில் 81, மூன்று செட் ஆட்டம் நூறு ஆடினால் 91 வெல்கிறார்.

இப்போது அவருடைய 55, 53 ஆகட்டும். நூறு பாயிண்டுக்கு வெறும் இரண்டு போகிறது. வலையில் உரசி விழுந்த ஒரு பந்து, கோட்டுக்கு இரண்டு விரற்கடை வெளியே போன இன்னொரு பந்து. ஆட்ட வெற்றி 91-இலிருந்து 79-க்கு இறங்குகிறது. நூற்றுக்கு ஒன்பது முறை தோற்றவர் இருபத்தொரு முறை தோற்கிறார். கோப்பைக்கு ஏழு ஆட்டம் வரிசையாக வெல்ல வேண்டும் என்பதை மறக்காதீர்கள். 91 சதவீதக்காரர் ஏழையும் வெல்வது ஏறக்குறைய இரண்டுக்கு ஒரு முறை. 79 சதவீதக்காரர் ஐந்துக்கு ஒரு முறை. ஆண்டுக்கு இருப்பதோ நான்கு கிராண்ட் ஸ்லாம். முன்பு வருடத்துக்கு இரண்டு கோப்பை தூக்கியவர் இப்போது ஒரு வருடம் முழுக்க வெறுங்கையோடு திரும்பலாம். பத்திரிகையில் 'சகாப்தம் முடிந்தது' என்று தலைப்பு வரும்.

கொள்முதல் நிலையத்தில் நெல்லோடு நின்றவர்களுக்கு இது புரியும். ஈரப்பதம் 17 என்றால் மூட்டை உள்ளே போகும். 19 என்றால் சாலையோரத்தில் கொட்டிக் காயவைத்துக்கொண்டு வானத்தைப் பார்க்க வேண்டும். அதே நெல், அதே வயல்.

இதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. 2019 விம்பிள்டன் இறுதியில் ஃபெடரர் 218 பாயிண்ட் எடுத்தார், ஜோகோவிச் 204. கோப்பை ஜோகோவிச்சுக்குப் போனது. அதிகப் பாயிண்ட் எடுத்தவர் தோற்கவும் கூடும் என்றால், ஒரு தோல்வியை வைத்துத் தீர்ப்புச் சொல்வது எவ்வளவு அபத்தம்! (நான் சொன்னேன்.)

ஆக, சரிவு என்று நாம் பதறுவது பல நேரம் நூற்றுக்கு இரண்டு பாயிண்ட். கேள்வி, அந்த இரண்டு எங்கே போயிற்று என்பது.

வயலில் இறங்கிப் பார்த்தால்

பயிர் மட்டும் போனவர்களில் ஆந்த்ரே அகாஸியை விட்டால் நல்ல உதாரணம் இல்லை. 1995-இல் உலகின் முதல்நிலை வீரர். அதற்குள் மூன்று கிராண்ட் ஸ்லாம் வென்றிருந்தார். 1997-இல் மணிக்கட்டு வலி, மனம் எங்கோ போன நிலை, போதைப்பொருள். கடைசியில் சொன்னதைப் பின்னாளில் அவரே ஒப்புக்கொண்டார். அந்த ஆண்டு முழுக்க வென்றது 12 ஆட்டம், தோற்றது 12. நவம்பரில் தரவரிசையில் 141. வயது 27. அன்று நான் தீர்ப்புச் சொல்லியிருந்தால் ஸ்வியாடெக்குக்குச் சொன்னதைவிடக் கறாராகச் சொல்லியிருப்பேன்.

அவர் செய்தது என்ன? சேலஞ்சர் போட்டிக்குப் போனார். சேலஞ்சர் என்பது டென்னிஸின் இரண்டாம் அடுக்கு. பரிசுப் பணம் குறைவு, கூட்டம் குறைவு, எதிரில் நிற்பவர்கள் பெயர் தெரியாத இளைஞர்கள். சொந்த ஊரான லாஸ் வேகாஸில் ஒரு சேலஞ்சர் ஆடி, இறுதியில் தோற்றார். பிறகு பர்பேங்கில் ஒன்று ஆடி வென்றார். கூடவே உடலைக் கட்டியெழுப்பும் பயிற்சி. 1998 முடிவில் ஆறாம் இடம். 1999 பிரெஞ்சு ஓபன் இறுதியில் உக்ரைன் வீரர் மெத்வதேவிடம் முதல் இரண்டு செட்டையும் இழந்துவிட்டு, மீதி மூன்றையும் எடுத்து வென்றார். அதே ஆண்டு அமெரிக்க ஓபன். ஆண்டு முடிவில் முதலிடம். மொத்தம் அவர் வென்ற எட்டு கிராண்ட் ஸ்லாமில் ஐந்து, அந்த 141-க்குப் பிறகு வந்தவை.

என்னைக் கேட்டால் இந்தக் கதையின் முக்கியமான காட்சி பாரிஸ் இல்லை, லாஸ் வேகாஸ்தான். முதலிடத்தில் இருந்தவர் உள்ளூர்ச் சின்னப் போட்டியில் தோற்கும் அவமானத்துக்குத் தயாராக இருந்தார். நேற்றுவரை மிராசுதாராக இருந்தவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சேற்றில் இறங்கி நாற்றுப் பிடுங்குவது சாதாரண விஷயம் இல்லை. உடலில் பெரிய சேதம் இல்லாதபோது, சிறிய போட்டிக்கு இறங்க மனம் இருக்கிறதா என்பதைத்தான் நான் இப்போதெல்லாம் முதலில் பார்க்கிறேன்.

ஜோகோவிச் 2018-இல் முழங்கை அறுவைச் சிகிச்சைக்குப் பின் 22-ஆம் இடம் வரை இறங்கினார். பிரெஞ்சு ஓபன் காலிறுதியில் 72-ஆம் நிலை செக்கினாட்டோவிடம் தோற்றார். அடுத்த மாதமே விம்பிள்டன், பிறகு அமெரிக்க ஓபன், நவம்பரில் முதலிடம். முழங்கை ஆறியது, பழைய பயிற்சியாளர் மரியான் வாய்தா திரும்பி வந்திருந்தார், போன இரண்டு பாயிண்ட் வந்து சேர்ந்தது. செரீனா வில்லியம்ஸ் 2007-இல் 81-ஆம் நிலையில் இருந்துகொண்டு ஆஸ்திரேலிய ஓபனுக்குப் போய், இறுதியில் ஷரபோவாவை 6-1, 6-2 என்று நசுக்கினார்.

மண் போனவர்களின் கதையைப் படிப்பது வருத்தம். ஆண்டி மர்ரி 2016 முடிவில் முதலிடம். இடுப்பு தேய்ந்து, 2019 ஜனவரியில் மூட்டில் உலோகம் பொருத்திக்கொண்டார். அதே ஆண்டு அக்டோபரில் ஆன்ட்வெர்ப்பில் ஒரு கோப்பை வென்றதைப் பார்த்து எல்லோரும் அழுதோம். ஆனால் அதன் பிறகு ஒற்றையரில் எந்தக் கிராண்ட் ஸ்லாமிலும் மூன்றாம் சுற்றைத் தாண்டவில்லை. உழைப்பில் குறை சொல்ல யாராலும் முடியாது. டொமினிக் தீம் 2020-இல் அமெரிக்க ஓபன் வென்றார், அடுத்த ஆண்டு வலது மணிக்கட்டில் காயம். அவருடைய ஃபோர்ஹேண்டின், அதாவது உள்ளங்கைப் பக்க அடியின், உயிரே அந்த மணிக்கட்டு. 350-க்கும் கீழே போய், ஓரளவு மீண்டு, 2024-இல் 31 வயதில் ஓய்வு பெற்றுவிட்டார்.

மண்ணும் நன்றாக இருந்து, காலம் மாறிவிடுவதும் உண்டு. 26 வயதில் ஆட்டத்தை விட்டுப் போன பியோர்ன் போர்க், 1991-இல் மான்டே கார்லோவில் திரும்ப வந்தார், கையில் பழைய மர ராக்கெட்டோடு. எல்லோரும் கிராஃபைட் ராக்கெட்டில் பந்தைப் பொசுக்கிக்கொண்டிருந்த காலம் அது. பம்புசெட் ஓடும் ஊரில் ஏற்றம் இறைக்க வந்தவர் போல நின்றார். அந்த மறுவருகையில் ஒரு ஆட்டம்கூட வெல்லவில்லை. ஃபெடரர் இதை உணர்ந்தவர். 90 சதுர அங்குலத் தலை கொண்ட ராக்கெட்டை விட்டு 97-க்கு மாறினார், அடி வாங்கிக்கொண்டிருந்த பேக்ஹேண்டை, அதாவது புறங்கைப் பக்க அடியை, முன்னேறி அடிக்கக் கற்றார், முழங்கால் சிகிச்சைக்குப் பின் 2017-இல் ஆஸ்திரேலிய ஓபன் வென்று, மறு ஆண்டு 36 வயதில் முதலிடத்துக்கு வந்தார்.

பசி போய்விடுவது தனி ரகம். மாட்ஸ் விலாண்டர் 1988-இல் ஒரே ஆண்டில் மூன்று கிராண்ட் ஸ்லாம் வென்று முதலிடத்தைப் பிடித்தபோது வயது 24. அதன் பிறகு ஒன்றுகூட வெல்லவில்லை. இதற்கு எந்த மருத்துவரிடமும் மருந்து கிடையாது.

இன்னொன்றையும் கேட்டுக்கொள்ள வேண்டும். உச்சி என்று எதைச் சொல்கிறோம்? 2000 விம்பிள்டனுக்குப் பின் பீட் சாம்ப்ராஸ் இரண்டு ஆண்டுக்கு மேல் ஒரு கோப்பையும் வெல்லவில்லை. 2002 விம்பிள்டனில் இரண்டாம் சுற்றில் ஜார்ஜ் பாஸ்டல் என்பவரிடம் தோற்றார். இரண்டே மாதத்தில் அமெரிக்க ஓபன் இறுதியில் அகாஸியை வென்றார். அதற்குப் பிறகு தொழில்முறை ஆட்டம் ஆடவே இல்லை. முதலிடத்துக்குத் திரும்பவில்லை, ஆனால் அவர் திரும்பவில்லை என்று யார் சொல்வார்கள்? நுங்கம்பாக்கத்தில் 2004, 2005 இரண்டு ஆண்டும் சென்னை ஓபனை வென்ற கார்லோஸ் மோயாவும் ஒருகாலத்தில் முதல்நிலை வீரர்தான். முதுகுக் காயத்துக்குப் பின் முதல் ஐந்து இடங்களுக்குள் மறுபடி வந்தார், முதலிடம் கிடைக்கவில்லை. எங்கள் ஊரிலிருந்து இரவு பஸ் பிடித்துப் போய் அவர் ஆடியதைப் பார்த்திருக்கிறேன். வீழ்ந்தவர் ஆடுவதாக அரங்கில் யாருக்கும் தோன்றவில்லை.

ஸ்வியாடெக் விஷயத்துக்கு வருகிறேன். அப்போது அவருக்கு 24 வயது. பெரிய காயம் இல்லை. 2024-இல் கலப்படமான மருந்தால் ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கி ஒரு மாதத் தடை அனுபவித்திருந்தார். பயிற்சியாளரை மாற்றியிருந்தார். பெரும்பாலும் காலிறுதி, அரையிறுதிகளில் தோற்றுக்கொண்டிருந்தார், முதல் சுற்றுகளில் அல்ல. மண் அப்படியே இருந்தது. குனிந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

விம்பிள்டன் முடிந்த மறுநாள் தம்பி மகள் என்னைச் சும்மா விடவில்லை. "சரி பெரியப்பா, ஒரு கேம்கூட எடுக்காமல் தோற்ற அந்த அனிசிமோவா? அவர் அவ்வளவுதானா?"

அனிசிமோவாவின் கதை அவளுக்குத் தெரியாது. 2023-இல் மனச்சோர்வால் ஆட்டத்திலிருந்து விலகி, 400-க்கும் கீழே போய், 2024 விம்பிள்டனில் தகுதிச் சுற்றிலேயே தோற்றவர் அவர். அடுத்த வருடம் அதே விம்பிள்டனின் இறுதிக்கு வந்திருந்தார். இதை மட்டும் சொன்னேன். தீர்ப்பு எதுவும் சொல்லவில்லை, ஒருமுறை பட்டது போதும்.

செப்டம்பர் தொடக்கம். குறுவை முற்றிக்கொண்டிருந்தது, சம்பாவுக்கு நாற்றங்கால் தயாராகிக்கொண்டிருந்தது. அமெரிக்க ஓபன் காலிறுதியில் அனிசிமோவா 6-4, 6-3 என்று ஸ்வியாடெக்கை வென்றார். தம்பி மகள் உடனே நோட்டை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். ஸ்வியாடெக்குக்கு எத்தனை புள்ளி நஷ்டம் என்று கணக்குப் போட ஆரம்பித்தவள், பாதியில் நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள். 2024-இலும் அவர் அங்கே காலிறுதியில்தான் தோற்றிருந்தார்.

"பெரியப்பா, வரவும் இல்லை, செலவும் இல்லை."